இதழோவியமும் இடைவிடாப் பயிற்சியும்

தோற்றுவாய்

ஓவியத் திறமை பிறவியிலேயே வாய்க்க வேண்டிய வரம் என்று கருதுவோர் தமிழரிடையே மிகப் பலர். வகுப்பில் ஒரு மாணவன் அழகாக வரைந்துவிட்டால், அவனுக்கு அது இயல்பாக வந்தது என்று பாராட்டி அமைகின்றனர். அருகில் அமர்ந்திருப்பவனின் கோடு சற்றே கோணினால், இவனுக்கு வாராது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். முன்னவன் பயிற்சி வேண்டாதவன் ஆகிறான். பின்னவன் பயிற்சிக்குத் தகாதவன் ஆகிறான். இருவரும் ஒருங்கே கல்வியை இழக்கின்றனர்.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். மனிதனின் சிறப்புகளை அப்பாடல் இரு கூறாகப் பிரிக்கிறது. பழகிப் பெறுவன ஒரு கூறு; பிறவியோடு வருவன மற்றொரு கூறு. நட்பும் இரக்கமும் ஈகையும் பிறவிக் கூற்றில் வைக்கப்படுகின்றன. ஓவியமோ பழகிப் பெறுவனவற்றின் வரிசையில், அதுவும் தமிழுக்கும் கல்விக்கும் முன்னதாக, முதலிடத்தில் வைக்கப்படுகிறது. பாடலை மனப்பாடம் செய்யும் நாம் அதன் பொருளை மனங்கொள்ளவில்லை என்றே கூற வேண்டும்.

அப்பாடல் கூறும் உண்மைக்கு வரலாற்றில் சான்று உண்டா? உண்டு. இல்லாத மனிதர்க்கு முகமும் உடலும் நடையும் தந்து, அவர்களை வாசகர் நெஞ்சில் உயிருடன் உலவவிட்ட ஓவியர்களின் வாழ்க்கையே அச்சான்று. கதைமாந்தரை உருவாக்கும் ஆற்றலை அவர்கள் எவ்வாறு பெற்றனர் என்பதை ஆராய்வதும், அவ்வரலாறு கம்போங் ராஜா போன்ற மலைத்தோட்டத்து மாணவர்க்குத் தரும் பாடத்தைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் கண்ட ஓவியக் கல்வி

வண்ணம் தீட்டாத கோட்டுப் படத்தைப் 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை குறிப்பிடுகிறது. கணவனைப் பிரிந்து, அணிகலன் துறந்து இருக்கும் அரசிக்கு அவ்வோவியம் உவமை ஆகிறது. நிறமும் ஒப்பனையும் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்கும் வடிவமே கோட்டோவியம் என்ற தெளிவு சங்கப் புலவர்க்கு இருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும். இன்றைய ஓவிய ஆசிரியர் தம் மாணவர்க்கு முதலில் புகட்ட முயல்வதும் இத்தெளிவையே.

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திரக் கூடத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. அங்கே வந்தவர்கள் சுவரில் உள்ள உருவங்களைச் சுட்டி இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். காமனும் இரதியும் அங்கு உள்ளனர். அகலிகையும் கௌதமனும் பூனை வடிவு கொண்ட இந்திரனும் உள்ளனர். ஒவ்வோர் உருவமும் தான் இன்னார் என்று தோற்றத்தாலேயே உணர்த்த வேண்டும் என்பது பாத்திர ஓவியத்தின் முதல் இலக்கணம். அவ்விலக்கணம் மிகுந்த பழமை உடையது என்பதை இப்பாடல் காட்டுகிறது. மணிமேகலையோ ஒருபடி மேற்சென்று, நாடக மகளிர் முறையாகக் கற்ற கலைகளுள் ஓவிய நூலையும் சேர்த்துக் கூறுகிறது. நூல் இருந்ததெனின் ஓதுவித்தாரும் இருந்திருப்பர், ஓதினாரும் இருந்திருப்பர். வரம் என்று வாளா இருந்த மரபு நம்முடையது அன்று.

சிற்ப மரபில் இக்கல்வி அளவு நூலாகவே வளர்ந்தது. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, உருவத்தின் உயரத்தை அத்தாலத்தால் வகுப்பது தாலமானம் எனப்படும். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலம்; பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். பத்துத் தாலத்து உருவம் மாட்சிமையோடு நிமிர்ந்து நிற்கும். ஐந்து தாலத்து உருவம் குழந்தையின் குறுமையும் குழைவும் கொண்டு விளங்கும். இங்குக் கூறப்படும் அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று. உருவத்தின் அளவுக்கேற்பப் பகுத்துக்கொள்ளும் கூறாகும். தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் பாத்திரத்தின் இயல்பே மாறும் என்று இன்றைய சித்திரக்கதை வகுப்புகளில் கற்பிக்கப்படுவதை நம் சிற்பிகள் நூலாகவே எழுதி வைத்தனர். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் இம்மரபை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

சென்னைக் கலைப்பள்ளி

புதிய முறையிலான ஓவியக் கல்வி தமிழகத்தில் 1850இல் வேர்கொண்டது. அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் படை மருத்துவர் அவ்வாண்டில் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசினர் பள்ளியாகி, இந்நாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் அந்நிறுவனமே தென்னாட்டு ஓவியர் பலரை உருவாக்கிய உலைக்களம்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமையை ஏற்றார். 1957 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்க முயலும் நான்கு தொழிலாளரின் சிலையைக் கண்டோர் அவருடைய கலைத்திறனை அறிவர். அச்சிலையில் நால்வரும் ஒரே வேலையைச் செய்கின்றனர். ஆயினும் நால்வரின் முதுகும் தோளும் காலும் நால்வகையாக வளைகின்றன. உழைக்கும் உடலைப் பன்முறை நோக்கிப் பழகாத கண்ணுக்கு இவ்வேறுபாடு புலப்படாது. அவருக்குப் பின் கல்லூரித் தலைவரான கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அக்கல்லூரியில் 1960 முதல் 1966 வரை பயின்ற ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் அவருடைய உருவைக் கருப்பு வெள்ளைக் கோடுகளில் வரிசையாக வரைந்து புகழ் பெற்றார். ஒரே மனிதரை மீண்டும் மீண்டும் வரைதல் சலிப்புத் தரும் செயல் என்று எண்ணுவோர் அவ்வரிசையைக் காண வேண்டும். ஒரு படத்தில் அடங்காத மனிதர் பல படங்களில் சிறிது சிறிதாகப் பிடிபடுகிறார்.

மாலியின் மாணாக்கர்

பள்ளி கற்பித்ததை இதழ் சோதித்தது. 1928இல் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கிய பின், கதைக்கும் நகைச்சுவைக்கும் படம் இன்றியமையாத துணையாயிற்று. மாலி என்னும் பெயரில் வரைந்த டி. ஆர். மகாலிங்கம் 1930களில் அவ்விதழின் முகத்தையே மாற்றி அமைத்தார். இசைவாணர்கள் பாடும்போது அவர்களுடைய கையும் கழுத்தும் வாயும் கொள்ளும் நிலைகளைச் சில கோடுகளில் பிடித்துவிடுவது அவருடைய தனித்திறன். அவை வெறும் கேலி அல்ல. ஒருவரை அவராக ஆக்குவது எது என்ற வினாவிற்கு விடைகள்.

மாலி தாம் வரைந்ததோடு நில்லாமல் பிறரையும் ஆளாக்கினார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபாலன் என்னும் இளைஞருக்கும், சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சீனிவாசன் என்னும் இளைஞருக்கும் அவர் வைத்த பெயர்களே 'கோபுலு', 'சில்பி' என்பன. பெயரை மட்டும் அவர் தரவில்லை. ஒவ்வொருவரின் கைக்கும் உரிய வழியையும் கண்டு காட்டினார். 1941இல் கோபுலுவுக்கு அவர் தந்த முதற்பணி, திருவையாற்றில் தியாகராசர் வாழ்ந்த இல்லத்துக்குச் சென்று, அவர் வழிபட்ட இராமர் பட்டாபிடேகப் படத்தைப் பார்த்து வரைந்து வருவதாகும். நகைச்சுவை ஓவியத்தில் பின்னாளில் கொடிகட்டிப் பறந்தவரின் தொடக்கம், எதிரே உள்ளதை உள்ளவாறு வரையும் பொறுமைப் பயிற்சியாக அமைந்தது கருதத்தக்கது.

நாமக்கல்லில் 1919இல் பிறந்த சில்பியின் வரலாறு இன்னும் தெளிவான பாடம். தாமும் ஓவியராக விளங்கிய நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அவருடைய திறமையைக் கண்டு கலைப்பள்ளிக்கு வழிகாட்டினார். விகடனில் வெளிவந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் வரிசைக்காகச் சில்பி கோவில் கோவிலாகச் சென்றார். தூணின் அருகில் அமர்ந்து, சிற்பத்தின் ஒவ்வோர் அணியையும் மடிப்பையும் விரல் நுனியையும் கோட்டில் இறக்கினார். ஒளி மங்கிய மண்டபத்தில் நிழல் நகர நகர உருவத்தின் தோற்றமும் மாறும். அம்மாற்றங்களுக்கு இடையில் மாறாத வடிவத்தைக் கண்டுபிடிப்பதே அப்பணியின் கடுமை. ஆண்டுக்கணக்கில் அதனைச் செய்தவர் அவர். பின்னாளில் புகழ்பெற்ற பத்மவாசன் அவருடைய மாணாக்கர் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். மாலியிடமிருந்து சில்பிக்கும், சில்பியிடமிருந்து பத்மவாசனுக்கும் கை மாறியது கலை. வரம் இவ்வாறு கை மாறுவதில்லை.

கோபுலுவின் படைப்புகளில் பாத்திர அமைப்பின் நுட்பம் முழுமையாக விளங்கும். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் வரைந்த படங்களில் நாதசுரக்காரரும் நாட்டிய மங்கையும் தவில்காரரும் ஊர்ப் பெரியவர்களும் தத்தம் குடுமியாலும் அணியாலும் அமரும் முறையாலுமே அடையாளம் காணப்பட்டனர். 1968இல் அக்கதை திரைப்படமாக வெளிவந்தபோது, வாசகர் பலரின் மனத்தில் அம்மாந்தர்க்கு முன்பே முகம் அமைந்திருந்தது. தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை முதலில் ராஜு வரைந்தார்; பின்னர்ச் சித்திரத் தொடராகக் கோபுலு வரைந்தார். கை இரண்டாயினும் சாம்பு ஒருவரே என்று வாசகர் ஏற்றுக்கொண்டனர். பாத்திரம் உறுதியாக அமைந்துவிட்டால் அது ஓவியரையும் கடந்து வாழும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களையும் கோபுலு வரைந்தார். உரையாடல் துணை இல்லாதபோது புருவமும் தோளும் கைவிரலுமே பேச வேண்டும். அங்குக் கோடு பொய்த்தால் நகையும் பொய்த்துவிடும்.

இவை யாவற்றினும் மேலான சான்று ஒன்று அவருடைய முதுமையில் வாய்த்தது. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது, அவர் இடக்கையைப் பழக்கி மீண்டும் வரைந்தார். திறமை வலக்கையில் குடியிருந்த வரமாயின் அக்கையோடு அது போயிருக்க வேண்டும். பல்லாண்டுப் பயிற்சி கண்ணிலும் மனத்திலும் சேர்த்து வைத்திருந்த அறிவு, புதிய கையை மாணவனாக ஏற்றுக் கற்பித்தது. 2015இல் மறைந்த அப்பெரியவரின் வாழ்வில், ஓவிய மாணவர் எஞ்ஞான்றும் நினைவிற் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

வந்தியத்தேவனுக்கு வாய்த்த முகம்

கதைமாந்தரை வடிவமைக்கும் கலையின் சிகரம் எனத் தமிழ் வாசகர் போற்றுவது 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்களை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் அத்தொடர் வெளிவந்தது. மணியத்தின் முன்னிருந்த இடுக்கண் சிறிதன்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மனிதர்க்கு நிழற்படம் ஏது? அரசரும் அரசியரும் ஒற்றரும் ஓடக்காரரும் நூற்றுக்கணக்கில் வரும் கதையில், வாசகர் ஒருவரை மற்றொருவராகக் கருதி மயங்காவண்ணம் காப்பது எவ்வாறு?

சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற மணியம் சோழர் காலத்துக் கல்லையும் செம்பையும் சுவரையும் துணைக்கொண்டார். தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுவரில் சோழர் கால ஓவியங்கள் மறைந்து கிடப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டு உலகிற்கு அறிவித்திருந்தார். அக்காலத்து முடியும் அணியும் ஆடையும் எவ்வாறு இருந்தன என்பதற்கு அவ்வோவியங்களும் செப்புத் திருமேனிகளும் கோவிற் சிற்பங்களும் சான்றுகளாக இருந்தன. மணியத்தின் பாத்திரங்கள் பூணும் தோள்வளையும் இடைக்கச்சும் அம்மரபில் வந்தவை.

அணிகலன் மட்டும் பாத்திரத்தை ஆக்கிவிடாது. நந்தினியையும் குந்தவையையும் அருகருகே வைத்துப் பார்க்க. இருவரும் பேரழகியர், இருவரும் அரண்மனை மகளிர். அழகை மட்டும் வரைந்திருப்பின் இருவரும் ஒருவராகவே தோன்றியிருப்பர். கொண்டையின் அமைப்பு முதல் நிற்கும் நிலை வரை வேறுபடுத்தி, முகங்காணாத தோற்றத்திலும் இவள் நந்தினி, இவள் குந்தவை என்று அறியும்படி மணியம் அமைத்தார். ஆழ்வார்க்கடியானோ குறுகிய பருத்த உடலும் முன்குடுமியும் உடல் நிறைந்த திருமண்ணும் கைத்தடியுமாக, நிழலைக் கண்டாலே இன்னான் எனத் தெரியும் உருவம். குதிரைமேல் வரும் வந்தியத்தேவனின் நிமிர்ந்த உடலில் துணிவும் துடுக்கும் சேர்ந்தே தெரிகின்றன. நிழல் வடிவால் வேறுபடுத்தல், உடல் நிலையால் பண்பு காட்டல், அணியால் காலமும் தகுதியும் உணர்த்தல் என்ற மூன்று இலக்கணங்களையும் இவ்வொரு தொடரிலிருந்தே மாணவர் கற்கலாம்.

வாரந்தோறும் இதழ் வெளிவர வேண்டிய கட்டாயம் அவ்வோவியர்க்கு மற்றுமோர் ஆசிரியராயிற்று. மனம் எழும்பாத வாரத்திலும் படம் வேண்டும். மூன்றாண்டுக்கு மேல் அதே முகங்களைப் பக்கத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் சினத்திலும் துயரிலும் வரைந்த கை, அவர்களைக் குடும்பத்தாரைப் போல் அறிந்துகொண்டது. 1968இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் மணியம் மறைந்தார். அவருடைய மைந்தர் மணியம் செல்வனும் ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றே இத்துறைக்கு வந்தார் என்பதை, குலத்தால் கலை வரும் என்போர் சிந்தித்தல் வேண்டும்.

பிற நாட்டுச் சான்றுகள்

இவ்வுண்மை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1814 முதல் வெளியிட்ட கோட்டுப் பட நூல்களில் குளிப்போர், மல்லர், முதியோர், தச்சர், விலங்கு, பறவை என ஓவியம் பயில்வோர்க்குப் பயன்படும் எண்ணற்ற உருவங்கள் நிறைந்துள்ளன. எண்பது வயதைக் கடந்த பின்னும் அவர் 1842, 1843ஆம் ஆண்டுகளில் காலைதோறும் ஒரு சிங்கத்தை வரைவதை நோன்பாகக் கொண்டிருந்தார். புகழின் உச்சியில் இருந்த முதியவர்க்கு அன்றாடப் பயிற்சி வேண்டியிருந்தது எனின், பத்து வயது மாணவர்க்கு அது வேண்டாமா?

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தம் நிறுவன ஓவியர்க்காக 1932இல் மாலை வகுப்புகளை ஏற்படுத்தி, டான் கிரகாம் என்னும் ஆசிரியரை அமர்த்தினார். பகலெல்லாம் எலியையும் வாத்தையும் வரைந்த ஓவியர்கள் மாலையில் உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரைந்து பழகினர். 1937இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் ஏழு குள்ளர்கள் ஒரே அளவினராயினும் ஏழு மனிதராகத் தோன்றினர் என்றால், அதன் பின்னணியில் அம்மாலை வகுப்புகள் உண்டு. இல்லாததை வரைய விரும்புவோன் உள்ளதை வரைந்து பழக வேண்டும் என்பதே கிழக்கும் மேற்கும் கண்ட முடிவு.

கிந்தா பள்ளத்தாக்கின் சிறுவர்

மலேசியாவில் இம்முடிவுக்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. கம்போங் ராஜாவிலிருந்து மேற்கே மலையிறங்கும் சாலை பேராக்கின் சிம்பாங் பூலாயை அடைகிறது. அதற்குத் தெற்கே அண்மையில் உள்ளது கோப்பெங் வட்டாரம். அங்குள்ள ஒரு சிற்றூரில் 1951இல் பிறந்தவர் முகமட் நோர் காலிட். உலகம் அவரை 'லாட்' என்று அறியும்.

லாட்டின் இளமையில் ஆசிரியர்க்கு உரிய ஒரு செய்தி உண்டு. தொடக்கப் பள்ளியில் அவருடைய ஆர்வத்தைக் கண்ட ஆசிரியை ஒருவர், பாடங்களுக்கு வேண்டிய படங்களை வகுப்பில் வரைந்து உதவுமாறு அவரை அடிக்கடி பணித்தார். பாட வேளையில் படம் வரைகிறான் என்று கடிந்துகொள்வதற்கு மாறாக, அப்படத்தையே பாடத்திற்குத் துணையாக்கினார். பதின்மூன்றாம் வயதில், 1964இல், லாட்டின் முதற் சித்திர நூல் அச்சேறியது. அக்காலத்தில் புகழ் பெற்றிருந்த கேலிச்சித்திர ஓவியர் ரெஜப்ஹாட்டிடம், தம் மகனுக்கு இத்துறையில் வழிகாட்டுமாறு லாட்டின் அன்னையார் வேண்டிக்கொண்டார். அவரும் அவ்வாறே அறிவுரை கூறி ஊக்கினார். 1968இல் 'பெரித்தா மிங்கு' இதழில் தொடங்கிய 'கெலுவார்கா சி மாமாட்' என்னும் தொடர் இருபத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது. வாரந்தோறும் அதே குடும்பத்தை வரைந்த கைப்பயிற்சியின் அளவை எண்ணிப் பார்த்தல் தகும்.

பள்ளிப் படிப்பு முடிந்து கோலாலம்பூர் சென்றபோது ஓவியர் பணியிடம் காலியாக இல்லை. குற்றச் செய்தி திரட்டும் நிருபர் வேலையே கிடைத்தது. அதனை ஏற்ற லாட் பலதரப்பட்ட மனிதரைப் பலதரப்பட்ட நிலைகளில் கண்டார். 1974இல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அவரை ஓவியராக்கியது. அடுத்த ஆண்டில் இலண்டன் செயின்ட் மார்ட்டின் கலைப்பள்ளியில் பயிலவும் அனுப்பியது. புகழ் தொடங்கிவிட்ட பின்னும் அவர் வகுப்பில் மாணவராக அமர்ந்தார். 1979இல் 'கம்போங் பாய்' வெளிவந்தது. ஈயத்தோண்டிகளும் ஆறும் மரவீடுகளும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் வாழ்வு, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் கோட்டால் உலகை எட்டியது.

கம்போங் ராஜாவின் முகங்கள்

மலையின் அடிவாரத்துச் சிற்றூருக்கு அவ்வாறு ஓர் ஓவியர் வாய்த்தார். மலைமேல் உள்ள தேயிலைத் தோட்டங்களின் தமிழர்க்கு அத்தகைய கோடு இன்னும் வேண்டியிருக்கிறது. இங்குதான் ஓவியப் பயிற்சி பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து, ஒரு சமூகத்தின் நினைவைக் காக்கும் கருவியாகிறது.

1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற மலைப்பகுதியில், 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். வடபுறத்தில், கம்போங் ராஜாவை அடுத்துப் புளூவேலித் தேயிலைத் தோட்டம் அமைந்தது. காட்டை அழித்து, சரிவில் வரப்பிட்டு, ஈரிலையும் மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. முதுகிற் கூடையும் தலையிற் சுற்றிய துணியும் இடுப்பில் இறுகக் கட்டிய சாக்குமாக மூடுபனியில் நிரைநின்ற அம்மகளிரின் உருவம், பின்னாளில் அஞ்சலட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் இடம்பெறும் வகைப் படமாகிவிட்டது. அவ்வகைப் படங்களில் கூடை உண்டு. கூடை சுமந்தவரின் தனிமுகம் இல்லை. ஒருத்தியை மற்றொருத்தியிடமிருந்து பிரித்தறிய இயலாத அவ்வுருவம், மேலே கண்ட பாத்திர இலக்கணத்தின்படி பாத்திரமே அன்று, வெறும் அடையாளம்.

காலமும் மாறிவிட்டது. விரலாற் கிள்ளிய இடத்தில் கத்தரியும், இருவர் ஏந்திச் செல்லும் பொறியும் வந்தன. இந்தோனேசியா, வங்காள தேசம், நேப்பாளம் முதலிய நாட்டுத் தொழிலாளர் இன்று தேயிலை நிரைகளில் மிகுதியாக உள்ளனர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. கொழுந்துக் கூடையின் பட்டை நெற்றியில் எவ்வாறு அழுந்தும், சரிவில் ஏறும்போது முதுகு எவ்வளவு வளையும், நிறுவைக்கு நிற்கையில் கால் எவ்வாறு இளைப்பாறும் என்பனவற்றைத் தம் உடலால் அறிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. நிழற்படம் ஒரு கணத்தின் தோற்றத்தைக் காக்கும். அம்முதியவர் மீண்டும் செய்து காட்டும் அசைவைப் பார்த்து, கேட்டு, வரைந்து, திருத்தி அறியும் அறிவை அது தராது. அவ்வறிவு பேரப்பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும்.

அதற்குத் தடையாக நின்றது தேர்வு மனப்பான்மை. யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஓவியத்திற்கு இடம் இல்லை. ஆகவே ஓவிய வேளை கணிதத்திற்கோ மொழிப்பாடத்திற்கோ இரையாவது வழக்கமாயிற்று. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பழைய சாக்கு அத்தோடு நீங்கிற்று. பழைய பழக்கமும் நீங்க வேண்டும். காட்சிக்கலைக் கல்வி பாடத்திட்டத்தில் உள்ள பாடமே ஆகும். அதற்குரிய வேளையை அதற்கே ஒதுக்குவது மாணவர்க்குச் செய்யும் சலுகை அன்று, கடமை.

முன்னோடிகளின் வரலாறு காட்டும் முறை எளிது. வகுப்பில் ஆசிரியர் அளவையும் விகிதத்தையும் கற்பிக்கலாம். வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு. சிறு குழந்தைக்குத் தலை பெரிது, உடல் குறிது. இதனைத் தாலமானத்தோடு இணைத்துக் கூறினால் ஓவியப் பாடம் தமிழ்ப் பாடமும் ஆகும். வீட்டில் மாணவர் நாள்தோறும் பத்து நிமிடம், மலிவான ஏட்டில், கண்ணெதிரே உள்ள ஒன்றை வரையலாம். அழிப்பான் வேண்டாம், கோணிய கோடும் நேற்றைய அளவைக் காட்டும் சான்றாக இருக்கட்டும். காய்கறி ஏற்றும் தொழிலாளி, கோவில் பூசாரி, வண்டி ஓட்டுநர், சந்தைக்கு வரும் பூர்வகுடி முதியவர், குளிர்ச்சட்டைக்குள் கை நுழைத்து நிற்கும் பாட்டி என வரைவதற்குரிய மனிதர் கம்போங் ராஜாவில் குறைவில்லை. வாரம் ஒருமுறை அன்று கண்ட ஒருவரை நினைவிலிருந்து வரைதல் வேண்டும். மறந்த இடம் எதுவோ அதுவே மறுநாள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம்.

இவ்வாறு பழகிய பின்னரே கதைமாந்தரை அமைக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். ஒரு தோட்டத்துக் கிழவியைப் பாத்திரமாக்குவதாயின், அவளை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னிருந்தும் வரைக. சிரிக்கையிலும் சினக்கையிலும் வரைக. பின்னர் உருவம் முழுவதையும் கருமையால் நிரப்பி, நிழல் மட்டும் கொண்டு அவளை நண்பர்கள் அறிகின்றனரா என்று காண்க. அறியின் அவள் பாத்திரம். அறியாராயின் மீண்டும் பாட்டியின் அருகில் சென்று அமர்க. பிற நாட்டுச் சித்திரக்கதைகளின் பெருவிழிகளையும் கூர்ந்த முடிகளையும் படியெடுத்துப் பழகும் மாணவர் இன்று பலர். படியெடுத்தல் தவறன்று, கோபுலுவும் ஒரு படத்தைப் பார்த்து வரைந்தே தொடங்கினார். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பிறர் கண்ட முகமே கைக்கு வரும். தன் ஊரின் முகம் வாராது.

முடிவுரை

மாலி இசைவாணரின் எதிரே அமர்ந்தார். சில்பி தூணருகே அமர்ந்தார். மணியம் சோழர் கலையை நாடினார். கோபுலு இடக்கையை மாணவனாக்கினார். லாட் தம் சிற்றூரை மறவாது வரைந்தார். இவர்களுள் பலர் ஆசிரியர் ஒருவரின் கண்ணிற்பட்டனர். வகுப்பிலோ வழிகாட்டியிடமோ முறையாகக் கற்றனர். கற்ற பின்னும் நாள்தோறும் பழகினர். இம்மூன்றும் எந்த ஊர்ப் பள்ளிக்கும் எட்டாதவை அல்ல. பென்சிலும் ஏடும் பத்து நிமிடமும், கோணிய கோட்டைக் கண்டு நகையாத ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும்.

பொன்னியின் செல்வனின் மாந்தர்க்கு ஆயிரம் ஆண்டு கழித்து ஓர் ஓவியர் முகம் தேட வேண்டியிருந்தது. கல்லும் செம்பும் சுவரும் அவருக்கு உதவின. தேயிலைச் சரிவில் உழைத்தோர்க்குக் கற்சிலையும் இல்லை, செப்புத் திருமேனியும் இல்லை. அவர்களுள் எஞ்சியோர் இன்றும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை வரையும் கை இப்போதே பழகத் தொடங்க வேண்டும்.